வீட்டுக்கு ஊர் காட்டப் போனது

மே மாதம் பிறந்துவிட்டால் அந்தக் காலனியில் வீடுகளை வெளியூர் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். முன்னால் காரில் வீட்டுக்காரர்கள் போவார்கள், பின்னால் வீடு வரும். கோட்டை, கோவில், பாலம், சாலையோரத்து வேடிக்கைகள் என்று நல்லதாக நாலு பார்த்துவிட்டு வந்தால் வருஷம் முழுக்க விரிசல் விடாமல், கதவு பிடிக்காமல் நிற்கும். ஒன்றுமே பார்க்காத வீட்டின் கதை வேறு. அது மனம் சுருங்கி, தன் அறைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

செல்வகனியின் வீடு அப்படித்தான் பின்னறையை இழுத்துக்கொண்டது. கிறிஸ்மஸ் முடிந்த வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அவள் கணவர் ஆசீர் அப்போது அந்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

தப்பு அவருடையதுதான். டெலிபோன் ஆபீசில் இருந்தவரை லீவு கிடைக்கவில்லை என்றார். ரிட்டயரான பிறகு வெயில் ஜாஸ்தி என்றார். ஒவ்வொரு மே மாதமும் தெருவே கிளம்பிப் போக, இந்த ஒரு வீடு மட்டும் வாசல் விளக்கை எரியவிட்டுக்கொண்டு நின்றது. "அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம் கனி" என்பார், புரண்டு படுப்பார். செல்வகனிக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. அவர் இல்லாத வீடோ அதைவிடத் தாங்க முடியாததாக இருந்தது. அறை இருந்த இடத்தில் வெறும் சுவர்தான். காதை வைத்தால் உள்ளே ஃபேன் சுற்றுவது கேட்கும், சில நாள் அவருடைய இருமலும் கேட்கும். சாயங்காலமானால் சுவரோரம் ஒரு டம்ளர் டீ வைப்பாள். ஆறியதும் எடுத்துத் தானே குடித்துவிடுவாள்.

ஆடிக் காற்று தொடங்குவதற்குள் அறையை வெளியே வரவழைக்க வேண்டும். தவறினால் வீடு அதை மறந்துவிடும், பிறகு சுவர் சுவராகவே நின்றுபோகும். பின் தெருவில் ஒரு வீடு தன் மாடிப்படியை இப்படித்தான் மறந்தது. மாடியில் இருப்பவர்கள் இன்றைக்கும் கூடையில் கயிறு கட்டித்தான் பால் வாங்குகிறார்கள்.

ஆசீரின் தங்கை எப்சிபா தன் காரோடு வந்து சேர்ந்தாள். இருவரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, வீட்டுக்கும் தெரியட்டும் என்று சாக்பீஸால் மொசைக்கிலேயே பாதை போட்டார்கள்.

"நாயக்கர் மகாலுக்கே போயிருவோம் மயினி" என்றாள் எப்சிபா. "பெருசா ஒண்ணு பாத்தாத்தான் அதுக்கும் மனசு விரியும்."

பக்கத்து வீட்டு மகாலிங்கம், வாசற்படியில் நின்றபடியே, வேண்டாம் என்று கையை ஆட்டினார். "அரமண மட்டும் ஆவாது தங்கச்சி. நாங்க போன வருஷம் கூட்டிட்டுப் போய்ட்டு இப்ப படுதோம். திரும்பி வந்ததும் ஹால் நடுவுல தூண் மொளச்சிட்டு. எங்க வீட்டுக்காரி மூஞ்சியப் பாக்கணும்னா நான் அதச் சுத்தி நடந்து போவணும்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"தூணுக்கு அந்தப் பக்கம்."

தரையில் போட்ட பாதையிலிருந்து மகால் அழிக்கப்பட்டது. இன்னொரு சிக்கலும் இருந்தது. செல்வகனியின் வீட்டுக்கும் மகாலிங்கம் வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றே. அதனால் வலப்பக்கம் ஜன்னல் கிடையாது, இருக்கிற ஜன்னலெல்லாம் இடப்பக்கம்தான். வலப்பக்கம் தாஜ்மகாலே வந்து நின்றாலும் வீட்டுக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே பார்க்க வேண்டியதெல்லாம் இடப்பக்கமாக வருகிற பாதை வேண்டும். யோசித்து யோசித்து எப்சிபா கடற்கரைச் சாலையைப் பிடித்தாள். திருச்செந்தூரிலிருந்து தெற்கே போனால் கடல் முழுவதும் இடப்பக்கம். மணப்பாட்டில் மேட்டின் மேல் சர்ச், உவரியில் கப்பல் வடிவத்தில் கட்டிய மாதா கோவில், வழியில் சிமெண்டில் பெரிய இறால் செய்து வாசலில் வைத்திருக்கும் ஓட்டல், கடைசியில் வட்டக்கோட்டை. திரும்புகிற பாதைதான் அமையவில்லை. வந்த வழியே திரும்பினால் எல்லாம் வலப்பக்கம் போய்விடும். அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் செல்வகனி பாத்திரங்களுக்கு நடுவே பழைய சேலைகளைத் திணித்தாள். சிலிண்டரை மூடினாள், படங்களை இறக்கிக் கட்டிலில் படுக்க வைத்தாள். காலையில் கார் நகர்ந்தது. வீடு கொஞ்சம் தயங்கி, நடுச்சுவரிலிருந்து மெல்லப் பிரிந்து, தெருவுக்கு இறங்கியது. முதல் தடவை என்பதால் வேகத்தடைகளில் தடுமாறியது. திருச்செந்தூர் தாண்டுவதற்குள் நடை பழகிவிட்டது.

மணப்பாட்டில் ஜன்னல்கள் திறந்தன. உவரியில் வீடு நின்றேவிட்டது. கரையில் நிற்கிற கப்பலை அது அத்தனை நேரம் பார்த்ததில் பின்னால் வந்த பஸ்களெல்லாம் வரிசையாக நின்றன, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. சிமெண்ட் இறாலைப் பார்த்ததும் கூடத்து விளக்குகள் தானாக எரிந்தன. எப்சிபாவும் செல்வகனியும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போதும் என்று தோன்றிய பிறகு எழுந்தார்கள்.

வட்டக்கோட்டை வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வீடு கோட்டைச் சுவரை மேலும் கீழும் பார்த்தது. அதன் கூடத்துக் கூரை ஒரு சாண் உயர்ந்தது. ஜன்னல் விளிம்புகள் கருங்கல் நிறத்துக்கு மாறின.

"விரியுது மயினி!" என்று எப்சிபா கையைத் தட்டினாள்.

செல்வகனி உள்ளே ஓடிப் பார்த்தாள். பின்சுவர் அப்படியே தட்டையாக இருந்தது. காதை வைத்தாள். ஃபேன் சத்தம் முன்னைவிடக் குறைந்திருந்தது, இருமலே இல்லை. இனி காட்டுவதற்கு வேறெதுவும் மிச்சமில்லை. வெளியே வந்து, வீட்டின் பின்பக்கம் மணலில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷன் ஒரு சுவருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டிருந்தார்.

அழுது முடித்து முகத்தைத் துடைக்கும்போதுதான் பின்சுவரின் உச்சியில் அந்த அறையின் வென்டிலேட்டர் கண்ணில் பட்டது. அறை உள்ளே போனாலும் அது போகவில்லை. காலனியில் அதற்கு எதிரே காம்பவுண்டுச் சுவர் மட்டும்தான் இருந்தது. இன்றைக்கோ, காலையிலிருந்து அது பின்னால்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறது. சர்ச்சும் கப்பலும் இறாலும் அதற்கு விலகிப் போகும்போதுதான் தெரிந்திருக்கின்றன, சின்னதாகி, புழுதிக்குள். எதுவும் தன்னை நோக்கி வருவதை அந்த அறை பார்த்ததே இல்லை.

"எப்சி, வந்த வழியே திரும்புவோம். வீட்டத் திருப்பாண்டாம். அப்படியே பின்னால நடக்கட்டும்."

எப்சிபா காற்றில் விரலால் பாதையைப் போட்டுப் பார்த்தாள். "அப்போ கடலு வலப்பக்கம் வரும். பின்னால நடந்தா வீட்டு ஜன்னலும் வலப்பக்கந்தான் வருது. சரியாத்தான் இருக்கு மயினி."

கார் வடக்கே திரும்பியது. வீடு பின்பக்கமாகவே அதைத் தொடர்ந்து நடக்க ஆரம்பித்தது. செல்வகனி பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, கண்ணாடி வழியே சுவரையும் வென்டிலேட்டரையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இறால் தூரத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரிந்து, வளர்ந்து, மீசையோடு முழுதாக வந்து நின்றபோது வென்டிலேட்டரின் ஒட்டடை அசைந்தது. உவரிக் கப்பல் சாலையின் மறுமுனையிலிருந்து வரத் தொடங்கியபோது பின்சுவர் எண்ணெயில் போட்ட பூரி போல உப்பியது. முதலில் கம்பிகள் விலகின. வென்டிலேட்டர் கீழே இறங்கி ஜன்னலானது. பக்கத்தில் ஒரு கதவு வந்தது. ஜன்னலில் தலை கலைந்து, பனியனோடு ஆசீர் நின்றார். அவர் கண்கள் கப்பலைவிட்டு நகரவில்லை. அது தாண்டிப் போனதும் அவளைப் பார்த்தார்.

"கனி, அடுத்தது என்ன வருது?"

"மணப்பாடு" என்றாள்.

"சீக்கிரம் வரச் சொல்லு."

அறை அதற்குமேல் பொறுக்கவில்லை. வீட்டிலிருந்து கழன்று, வலப்பக்கமாக ஏறி, காரை ஓவர்டேக் செய்தது. கொஞ்ச தூரம் போய், டவுன் பஸ் மாதிரி ஓரம்கட்டி நின்றது. ஆசீர் கதவைத் திறந்து கையை நீட்டினார்.

செல்வகனி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள். வெயில் என்று சொன்ன மனுஷன், லீவு இல்லை என்று சொன்ன மனுஷன், இப்போது வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீ வீட்டக் கூட்டிட்டுப் போயிரு எப்சி. மகாலிங்கம் அண்ணாச்சிகிட்ட சொல்லி நேராச் சேத்து நிறுத்து."

"அண்ணன் சாப்பிட்டாரான்னு கேளுங்க" என்றாள் எப்சிபா. காரும் வீடும் உள்ளூர்ச் சாலைக்குள் திரும்பின.

அறைக்குள் கட்டில் இன்னும் சூடாக இருந்தது. ஃபேன் சுற்றியது. அவள் டீயை ஊற்றினாள். சுடச்சுட அவர் வாங்கிக் குடித்தார். இருவரும் ஜன்னலோரம் கட்டிலில் அமர்ந்து, முன்னால் வருவதையெல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். பனைகள் வந்தன, உப்பளம் வந்தது.

எதிரே ஒரு காரும், அதன் பின்னால் பச்சை வண்ணம் அடித்த மாடிவீடு ஒன்றும் வந்துகொண்டிருந்தன. ஜன்னலெல்லாம் வலப்பக்கம் வைத்துக் கட்டிய வீடு. கடல் அதற்கு இடப்பக்கம். ஜன்னல் பக்கம் பார்க்க எதுவும் இல்லாத அந்தச் சாலைக்கு அதை ஏன் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று செல்வகனி நினைக்கும்போதே கார் வேகத்தைக் குறைத்தது. முன்சீட்டிலிருந்த பெண் தன் வீட்டை நோக்கித் திரும்பி, இவர்கள் அறையைக் கை நீட்டிக் காட்டினாள். பச்சை வீடு நின்றது. அதன் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஆசீர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். செல்வகனி ஃபிளாஸ்க் அவர் முகத்தை மறைக்காதபடி நகர்த்தி வைத்தாள். பிறகு இருவரும், வீடு நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று, கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.