ஃபியூஸ் இல்லாத ஒயர்

இந்தோனேசியாவின் பாண்டுங்கில் ஆசெங் வைத்திருந்த எழுபத்திரண்டாம் வருசத்துக் கார் மூன்று வருசத்தில் நாலு பேட்டரியை விழுங்கியிருந்தது. புதுசு மாட்டினாலும் நாலாம் நாள் காலை செத்துக் கிடக்கும். யார் காரணம் என்று கேட்டால் ஆசெங் யோசிக்கவே மாட்டார். "என் மச்சினன் குஸ்னாடிதான். ஒயரிங் பண்றேன்னு வந்து என் மானத்தை வாங்கினவன்." பழியைத் தூக்கி வைக்க ஒரு தலை கிடைத்துவிட்டால் மனுசனுக்குத் தூக்கம் நன்றாக வரும்.

மகள் கல்யாணத்தன்று நடந்தது அது. பழைய கார்க் கிளப்பின் பதினெட்டு வண்டிகள் வரிசைகட்டி நிற்க, மணப்பெண்ணோடு முதலில் நின்ற ஆசெங்கின் வண்டி மட்டும் கிளம்பவில்லை. அத்தனை பேர் முன்னால் ஆசெங், "நீயெல்லாம் எலக்ட்ரீஷியனா? போய் மாடு மேய்டா!" என்று மச்சினனைப் பார்த்துக் கத்தினார். அன்று போன குஸ்னாடி அந்த வாசலை மிதிக்கவில்லை. அதற்குப்பின் கிளப்காரர்கள் யாரும் அவனிடம் வண்டியை விடவில்லை. கடையைச் சாத்திவிட்டு பைக்கில் சவாரி ஏற்றப் போய்விட்டான். அவன் அக்கா, ஆசெங்கின் மனைவி இமாஸ், ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் புருசனுக்குத் தெரியாமல் அழுதாள்.

இந்தப் பெருநாளுக்கு மகள் பேரனோடு வருகிறாள், வண்டி ஓடியாக வேண்டும். இரண்டு நாள் முன்னதாக மெக்கானிக் மாங் தோஹிர் வந்தார். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தார். சாவியே போடாத வண்டியில் முள் அரை ஆம்பியர் காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எதைப் பிடுங்கும்போது முள் விழுகிறதோ, அந்த வழியில்தான் திருடன். கடைசி ஃபியூஸும் வந்தாயிற்று, முள் அசையவில்லை.

"கங் ஆசெங்," என்று மூத்தவரைக் கூப்பிடும் மரியாதையோடு சொன்னார் தோஹிர், "இது உங்க மச்சினன் வேலை இல்ல. அவன் இழுத்த ஒயர் ஒண்ணுகூட ஃபியூஸ் இல்லாம போகல. எவனோ கத்துக்குட்டி பேட்டரியிலேர்ந்து நேரா இழுத்திருக்கான்."

பேட்டரித் தட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த சிவப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது கம்பளத்துக்குக் கீழே ஓடி டிரைவர் சீட்டுக்கு அடியில் முடிந்தது. அங்கே ஊர்வல வண்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ, சத்தம் குறைக்கப்பட்டு, விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது.

ஆசெங்குக்கு நினைவு வந்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், "ரேடியோ ஒயரைச் சாவி வழியா இழுக்கணும் கங், நாளைக்கு வந்து பண்றேன்" என்று குஸ்னாடி சொன்னான். பொறுமை இல்லாமல் ஆசெங் அன்றே பேட்டரியிலிருந்து நேராகத் தானே இழுத்தார். அவமானத்தில் கிளப்பை விட்டபோது ரேடியோவையும் மறந்தார்.

"யாரு பண்ணினது?" என்றார் தோஹிர்.

"யாருக்குத் தெரியும்?"

அப்போதுதான் இமாஸ் வாசலுக்கு ஓடிவந்தாள். "கங், தம்பிகிட்ட பேசிட்டேன்! பெருநாளைக்கு வர்றானாம். தப்பு தன்னோடதுதான்னு ஒத்துக்கிறான். நீங்க கொஞ்சம் மனசு இறங்கணும்."

தோஹிர் அறுத்த ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு ஆசெங்கையே பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வரட்டும்," என்றார் ஆசெங்.

பெருநாள் காலையில் குஸ்னாடி வந்தான். வெயிலில் கறுத்து, பாதியாய் இளைத்திருந்தான். மண்டியிட்டு ஆசெங்கின் கையை முத்தமிட்டான்.

"மூணு வருசமா யோசிக்கிறேன் கங். எங்க தப்புவிட்டேன்னு இன்னும் புரியல. ஆனா என் கை பட்ட வண்டிதானே. மன்னிச்சிருங்க."

பெருநாளில் சின்னவர் மன்னிப்புக் கேட்டால், பெரியவரும் 'என்னையும் மன்னிச்சிரு' என்று திருப்பிக் கேட்க வேண்டும். அன்று தெரு முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது, எதிரிகூடச் சொல்லிவிடுவான். ஆசெங் வாயைத் திறந்தார். மனைவியும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி விடு," என்று அவன் தலையில் கை வைத்தார். "இனிமேலாவது கவனமா வேலை பாரு."