தாழிக்குள் கிடைத்த மன்னர்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். 'ஆண்ட பரம்பரை' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். இந்த ஜில்லாவில் ஆளாத பரம்பரை எதுவும் மிச்சமில்லை. எல்லாருமே ஆண்டிருந்தால் வரி கட்டியது யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பரம்பு, அதாவது சரளை மண் மேடு. வாழைக்குக் குழாய் பதிக்கத் தோண்டியபோது ஒரு தாழி தட்டுப்பட்டது. அந்தக் காலத்தில் செத்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்த பெரிய மண்பானை. கேள்விப்பட்டதும் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். மண்ணுக்குள் ஒரு சின்னத் தாடை, வரிசையாகப் பால்பற்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளை. வெளிச்சத்தை அதன்மேலிருந்து விலக்கிக்கொண்டேன். கூடவே ஆசையும் வந்தது. இதன் காலத்தை ஆய்வில் நிறுவிவிட்டால் பரம்பு முழுவதையும் யாரும் தோண்டாமல் காப்பாற்றிவிடலாம்.

பிள்ளை என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை. சோதிக்கும் முன்னே வாய் திறப்பது எங்கள் தொழிலில் தப்பு. ஊர்ச் சங்கத் தலைவர் கணேஷ்ராமிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன்.

"திங்கக்கிழமை தொல்லியல் ஆய்வாளரைக் கூட்டிட்டு வருதேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் யாரும் தொட்டுராதிய. உள்ள இருக்க மண்ணும் எலும்பும்தான் சாட்சி."

"நாங்க தொடுவமா மேடம்? எங்க பாட்டன்லா உள்ள இருக்காரு. நீங்க பைய வாங்க."

திங்கட்கிழமை போனால் பெரிய பந்தல். நடுவில் மஞ்சள் பூசி, மாலை போட்டு, தாழி பளபளவென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். உள்ளே கழுவித் துடைத்திருந்தது.

"உள்ள இருந்ததெல்லாம் எங்க அண்ணாச்சி?"

"பாட்டன இத்தன காலம் கரைக்காமப் போட்டு வச்சது எங்க பாவம்லா. நேத்து அமாவாசை. ஐயரக் கூப்பிட்டு, எள்ளுந்தண்ணியும் இறைச்சு, அஸ்திய ஆத்துல கரைச்சிட்டோம். எங்க மன்னர் இனி நிம்மதியா இருப்பாரு."

தாமிரபரணி எதைத்தான் வாங்கவில்லை? சாக்கடையை வாங்குகிறது, செத்தவர்களின் பழந்துணியை வாங்குகிறது. இப்போது என் சாட்சியையும் வாங்கிக்கொண்டது. வெறும் பானையை வைத்துக் காலம் சொல்ல முடியாது என்று ஆய்வாளர் வந்த காரிலேயே திரும்பிப் போனார்.

மேடையில் என்னோடு படித்த பேராசிரியர் பாபநாசம், தோளில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு எலும்பைக்கூடப் பார்க்காத மனிதர் மைக்கில் முழங்கினார்: "மூவாயிரம் ஆண்டு! ஆறடி உயரம்! போர்க்களத்தில் விழுந்த மாமன்னன்!" விசில் பறந்தது. ஊர்க்காரர்கள் தெரியாமல் கரைத்தார்கள். இந்த ஆளுக்குத் தெரியும். ஒரு முழத் துணிக்காகப் படித்த படிப்பை விற்கிறவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன்.

"அது மன்னன் இல்ல. அஞ்சாறு வயசுப் பிள்ள. பால்பல்லுகூட விழல. நான் கண்ணால பாத்தேன். யாரோ ஒருத்தி அழுது அழுது புதைச்ச பிள்ளைய நீங்க கழுவி ஊத்திட்டிய."

முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உறைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பாபநாசம் மைக்கை இதமாகத் திரும்ப வாங்கினார். "சித்ரலேகா மேடம் சொன்னது அருமையான சான்று. ஆக, பால் மணம் மாறாத வயதிலேயே பட்டத்துக்கு வந்தவர்!"

"குழந்தை மன்னர் வாழ்க!" என்று ஒருவன் கத்தினான். முந்தானையால் வாய் பொத்திய பெண் குலவையிட்டாள்.

அடுத்த வாரம் பரம்பில் மணிமண்டப வேலை தொடங்கியது. ஃபிளெக்ஸில் கிரீடம் வைத்த கொழுகொழுப் பிள்ளை. அதன் கீழே, 'கண்டறிந்து சொன்னவர்: முனைவர் சித்ரலேகா'. அடித்தளத்துக்கு வானம் தோண்டிய ஜேசிபி அள்ளிய மண்ணிலெல்லாம் தாழி ஓடுகள், இடையிடையே எலும்புகள். நிறுத்தச் சொல்லிக் குறுக்கே போய் நின்றேன். கணேஷ்ராம் குடையோடு ஓடிவந்தார்.

"வெயில்ல நிக்காதிய மேடம்."

"அண்ணாச்சி, அங்கன பூரா ஆளுக கிடக்காங்க. கண்ணு தெரியலையா?"

"கிடக்கட்டும் மேடம். மன்னர்தான் கிடைச்சாச்சுல்லா? மத்ததெல்லாம் சும்மா சனங்கதான."