ஒன்பது வோல்ட்

1.

உண்மையை மனிதன் முதலில் அறிந்தது காதால்தான். கண் பின்னால் வந்த தரகர்.

இது நான் கதைக்காக எழுதிய வரி அல்ல. நாணயம் சேகரிப்போர் சங்கத்தின் காலாண்டிதழுக்கு, ‘மெட்டல் டிடெக்டர்: அனலாகா, டிஜிட்டலா?’ என்று தொடங்கிய கட்டுரையின் முதல் வரி. கட்டுரை அதற்குமேல் நகரவில்லை. ஏன் நகரவில்லை என்பதுதான் இந்தக் கதை.

2.

விஷயம் தெரியாதவர்களுக்கு: அனலாகில் திரை கிடையாது. இரண்டு திருகு, ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு ஹெட்போன். மண்ணுக்கடியில் ஆணி இருந்தால் உறுமும். காசு இருந்தால் கீச்சென்று ஒலிக்கும். டிஜிட்டல் திரையில் எண் காட்டும், ஆழம் சொல்லும், கேட்காததையும் சொல்லும். (கடைசி இரண்டு வார்த்தை பொறாமையில் வந்தவை. அடிக்கவில்லை, இருக்கட்டும்.)

என்னுடையது அனலாக். டிஜிட்டல் வாங்கியவன் என் மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன். வேண்டாமென்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அவனுக்கோ அதன்மேல் உயிர். திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை.

“நம்பரைப் பாத்துத் தோண்டறதுக்கு நாம எதுக்கு? காது வேணும்டா, காது,” என்றேன்.

“அப்ப ஒரு போட்டி வச்சுப் பாத்துடலாம் அத்தான். நீங்க ஜெயிச்சா இதைத் திருப்பிக் குடுத்துடறேன்.”

“இவர் காதைப் பத்தி என்னைக் கேளு,” என்றாள் மனைவி. “அரை மணி நேரமா கூப்பிட்டுக்கிட்டிருக்கேன்.”

3.

பழைய பஸ் டிப்போவுக்குப் பின்னால், பனி போர்த்திய அதிகாலை மைதானத்தில் — [இல்லை. காலை பத்தரை. வெயில்.]

அதற்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும். முந்தின நாளே நான் அங்கே போய் —

[இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கினேன். ‘ஒருவன் போனான்’ என்றுகூட எழுதிப் பார்த்தேன். அந்த ஒருவன் யோக்கியன் மாதிரித் தெரிந்தான்.]

— என் சேகரிப்பிலிருந்த செப்புக்காசு ஒன்றை மூன்றாவது விளக்குக் கம்பத்தருகே ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மேலே புல்லை வைத்து மிதித்துவிட்டு வந்தேன்.

போட்டிக்கு மைதானத்தை இரண்டாகப் பிரித்தபோது, கம்பங்கள் இருந்த பாதியை நான் எடுத்துக்கொண்டேன். அவன் பாதியில் பதினொரு சோடா மூடியும் ஒரு சாவியும் கிடைத்தன. நான் மூன்றாவது கம்பத்தருகே நின்று, கண்ணை மூடி, ஹெட்போனை ஒரு விரலால் அழுத்தி, பாட்டு வாத்தியார் மாதிரித் தலையை ஆட்டினேன்.

“இது காசு,” என்றேன். “செம்பு.”

“எங்க, குடுங்க.” ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தான். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான்.

“ஆமா அத்தான், கேக்குது.”

தோண்டினோம். காசு வந்தது. அன்றே டிஜிட்டலைப் பெட்டியில் போட்டுக் கடையில் கொடுத்துவிட்டான்.

4.

நான்கு நாள் கழித்து வந்தவன், ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றை மேஜைமேல் வைத்தான்.

“உங்க மெஷின்ல இருந்தது. என் மீட்டருக்கு எடுத்துட்டுப் போனேன், சொல்ல மறந்துட்டேன்.”

“எப்ப எடுத்தே?”

“போட்டிக்கு ரெண்டு நாள் முன்னாடி. அங்க காதுல வச்சப்பதான் ஞாபகம் வந்துச்சு.” பிறகு, “அக்காகிட்ட சொல்லலை,” என்றான்.

5.

முடிவு ஒன்று: அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன். அவன் கண் கலங்கி — [தப்பு என்னுடையது, கலங்குவது அவன் கண்ணா?]

முடிவு இரண்டு: அதே டிஜிட்டலை வாங்கி அவன் வீட்டு வாசலில் வைக்கிறேன். [கடைவரை இரண்டு முறை போனேன். காற்று வாங்கிவிட்டுத் திரும்பினேன்.]

நடந்தது இவ்வளவுதான்: “டீ குடிக்கிறியா?” என்றேன். குடித்தான், போனான். அவனிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை வாசகரே எழுதிக்கொள்ளலாம். என்னைவிட மோசமாக எழுத முடியாது.

எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் போனபின் பேட்டரியைப் போட்டு, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அந்தக் காசைத் தரையில் வைத்து மெஷினை அதன்மேல் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த அறையிலிருந்து மனைவி வந்து, அந்தக் கீச்சுச் சத்தத்தை நிறுத்தச் சொன்னாள்.