சிந்தூரம் படாத கைப்பிடி

யாரும் தொடாமலே மேஜை கிளம்பியது. வைத்தீஸ்வரன் பாய்ந்துபோய் பெல்ட்டைத் தள்ளி மெஷினை நிறுத்துவதற்குள், சுழன்றுகொண்டிருந்த கட்டர் வார்ப்பிரும்பு வட்டைக் குறுக்கே உழுதுவிட்டது. காலையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிய பற்கள் தகரக் கொட்டகை முழுக்கத் தெறித்துக் கிடந்தன.

“படுபாவி!” என்று கத்தினார். மெஷினைத் திட்டினாரா, விற்றவனையா, கையில் கேட்லாக்கோடு நின்ற மைத்துனன் மகாதேவனையா என்று அவருக்கே தெரியவில்லை.

“அத்திம்பேர், கேட்லாக்ல என்ன போட்டிருக்குன்னா...”

“அதைத் தூக்கிச் சாக்கடையில போடு! அது வேற ஏதோ மெஷினோட கேட்லாக். படத்துல இருக்கறது ஒண்ணாவது இங்கே இருக்காடா?”

மகாதேவன் கேட்லாக்கை மூடினான். பாங்கில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் டாலிகஞ்சுக்கு டிராம் ஏறி வந்து அத்திம்பேருக்கு ஒத்தாசை செய்வான். இந்தப் பழைய மில்லிங் மெஷினை ஒரு சணல் ஆலை ஏலத்தில் எடுத்து, மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியதும் அவன்தான்.

நேற்றும் இப்படித்தான் ஒரு வட்டு போயிற்று. இன்னும் ஒரே ஒரு வட்டு மிச்சம். பவானிப்பூரில் அச்சகம் வைத்திருக்கும் நிபாரண் பாபு சாயங்காலம் வருவார். அவருடைய அச்சு யந்திரத்தில் பல்சக்கரம் உடைந்து வேலை நின்றுபோயிருக்கிறது. புதுச் சக்கரம் தயாராக இல்லையென்றால் வேலையைக் கிளைவ் தெருக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வைத்தீஸ்வரன் படம் வரைகிற உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தது அதே கம்பெனியிலிருந்துதான். “மதராஸிக்கு மெஷினைப் படம் போடத் தெரியும், ஓட்டத் தெரியாது” என்று பெரிய துரை எல்லார் முன்னாலும் சிரித்த அன்று வெளியே வந்தவர். அந்தத் துரையின் மேஜைக்கு இந்தச் சக்கரம் போய்ச் சேர்வதை நினைத்தால் அவருக்கு நெஞ்சு எரிந்தது.

மில்லிங் மெஷின் பார்க்கத்தான் பூதம். அது செய்கிற காரியம் எளிது. கடைசல் மெஷினில் இரும்பு சுழலும், உளி நிற்கும். இதில் நேர்மாறு. பல் வைத்த கட்டர் இருந்த இடத்திலேயே சுழலும். இரும்பு, மேஜைமேல் உட்கார்ந்து அதன் அடியில் ஊர்ந்து போகும். ஒருமுறை போனால் ஒரு பள்ளம். மேஜையைப் பின்னுக்குக் கொண்டுவந்து, வட்டை ஒரு பங்கு திருப்பி, மறுபடி அனுப்பினால் அடுத்த பள்ளம். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே எஞ்சி நிற்பதுதான் பல். மேஜையைப் பக்கவாட்டில் நகர்த்த ஒரு கைச்சக்கரம், முன்னும் பின்னும் தள்ள ஒன்று, ஏற்றி இறக்க ஒன்று. மூன்றும் சாது. தொல்லை கொடுத்தது நான்காவது. ஓரத்தில் செங்குத்தாக நின்ற, தலையில் குண்டு வைத்த ஒரு கைப்பிடி. இடப்பக்கம் சாய்த்தால் மேஜை எஞ்சின் பலத்திலேயே இடப்பக்கம் ஊரும். வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம். நடுவில் வைத்தால் நிற்க வேண்டும். சில சமயம் நின்றது. சில சமயம், வட்டைத் திருப்ப அவர் குனியும்போது பார்த்துக் கிளம்பியது.

“கயித்தைப் போட்டுக் கட்டிட்டா என்ன?” என்றான் மகாதேவன்.

“பேயைத்தான் கட்டணும். மெஷின் நகர்றதுன்னா அதுக்குக் காரணம் இருக்கு. காரணம் தெரியாம கட்டிட்டு, அது எப்ப அறுத்துக்கும்னு பாத்துண்டு நிக்கச் சொல்றியா?”

“நமக்கு வித்தானே, அவன்தான் ஏமாத்திட்டான் அத்திம்பேர். பலே எத்தன்!”

வைத்தீஸ்வரன் கைப்பிடியையே முறைத்துக்கொண்டிருந்தார். முறைக்க முறைக்க ஒன்று உறைத்தது. மெஷின் வந்த முதல் வாரம் முழுக்க அவர் கத்தியும் மண்ணெண்ணெயுமாகச் சுரண்டியிருக்கிறார். நம்மவர்கள் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதைப்போல், ஆலையின் மிஸ்திரிகள் விச்வகர்மா பூஜைக்கு எண்ணெயில் குழைத்த சிந்தூரம் வைப்பார்கள். வருஷக்கணக்கில் வைத்து வைத்து அது அரக்காக இறுகியிருந்தது. கைச்சக்கரங்களில் சுரண்டினார், புல்லியில் சுரண்டினார். மெஷினோடு வந்த எண்ணெய்க் குப்பியில்கூட ஒரு பொட்டு இருந்தது. இன்னும் மூலைமுடுக்குகளில் சிவப்பு தெரிகிறது.

இந்தக் கைப்பிடியில் மட்டும் சுரண்ட எதுவுமே இருக்கவில்லை.

எண்ணெய்க் குப்பிக்குப் பொட்டு வைத்தவன், தினமும் கையால் பிடிக்கிற கைப்பிடியை விட்டிருப்பானா? விட்டிருக்க மாட்டான். அப்படியென்றால் பூஜை நடந்தபோது இது அங்கே இல்லை.

“மகாதேவா.”

“சொல்லுங்கோ.”

“இது ஆலையிலேர்ந்து வந்தது இல்லை. புதுசு. யார் போட்டா?”

மகாதேவன் கேட்லாக்கை மறுபடி திறந்தான்.

“அதை மூடு! என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு!”

“வண்டியிலேர்ந்து இறக்கறச்சே... பழசு முறிஞ்சு போச்சு. நீங்க பாக்கறதுக்குள்ள, காளிகாட்ல ஒரு கருமான்கிட்ட சொல்லிப் புதுசு அடிச்சு வாங்கி மாட்டிட்டேன். குண்டு, அவனா அழகுக்கு வச்சான்.”

“இத்தனை நாள் வித்தவனை நான் திட்டினேன். நீயும் கூடச் சேர்ந்து பலே எத்தன்னு சொன்னே!”

“நீங்க திட்டறச்சே நான் சும்மா இருந்தா சந்தேகம் வருமேன்னு...”

“ஜலஜாவுக்குத் தெரியுமா?”

“அக்காதான் சொல்லாதேன்னா. ஆத்துல எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட யார் சொல்றது? இப்போ கத்தறேளே, இதுக்குத்தான்.”

வைத்தீஸ்வரன் கையிலிருந்த ஸ்பானரைத் தகரச் சுவரில் வீசினார். கொட்டகையே அதிர்ந்தது. வெளியே காகங்கள் பறந்தன.

“பழசு எப்படி இருந்தது? அதையாவது உண்மையாச் சொல்லு.”

“கீழே தொங்கிண்டு இருந்தது. அதான் தரையில இடிச்சு முறிஞ்சது. உங்களுக்கோ இடுப்பு வலி. ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டாமேன்னு நான்தான் மேல பாத்து நிக்கறாப்பல மாட்டினேன்.”

தொங்கிக்கொண்டு! வைத்தீஸ்வரன் ஒரு கணம் திட்டுவதற்கே மறந்தார். கைப்பிடி மாட்டியிருந்த அச்சின் முனை சதுரம். சதுரத்தில் எதையும் நாலு விதமாக மாட்டலாம். தொங்குகிற பொருளைத் தொட்டுவிட்டால் ஆடிவிட்டுத் தன் கனத்தாலேயே நடுவுக்குத் திரும்பும். தலைகீழாக நிற்கிற பொருள், மெஷின் அதிர அதிர, தன் கனத்தாலேயே ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் மேஜை கிளம்பும். தலையில் குண்டு வேறு.

“என் இடுப்புக்காக!” என்று பல்லைக் கடித்தார். “என் இடுப்புக்காக ரெண்டு நாள் வேலையை நாசம் பண்ணினியேடா! போ வெளியே. என் கண்ணுல படாதே.”

மகாதேவன் போனான். அவர் கைப்பிடியைக் கழற்றினார், கவிழ்த்து மாட்டினார், கடைசி வட்டை ஏற்றினார், பெல்ட்டைப் போட்டார். கைப்பிடியைச் சாய்த்தார், மேஜை ஊர்ந்தது. விட்டார், அது ஆடிக்கொண்டே கீழே வந்து நின்றது. மேஜையும் நின்றது. குனிந்த இடுப்பு சுரீரென்றது. அந்த வலிக்கும் சேர்த்து மகாதேவனைத் திட்டிக்கொண்டே வெட்டினார்.

பாதிக்குமேல் ஆகியிருந்தபோது வெளியே குதிரைவண்டிச் சத்தம். நிபாரண் பாபுவின் குரல்.

“சக்கரம் முடிந்தாயிற்று பாபு,” என்று மகாதேவன் தேனொழுகும் வங்காள பாஷையில் சொல்வது தகரத்தைத் தாண்டிக் கேட்டது. “சூடு ஆறட்டும் என்று வைத்திருக்கிறோம். இப்போது தொட்டால் கை வெந்துவிடும். உட்காருங்கள், இளநீர் குடியுங்கள். அடேய் இளநீர்க்காரா, இளசாக ஒன்று வெட்டு!”

வைத்தீஸ்வரனுக்கு ரத்தம் தலைக்கேறியது. மறுபடி பொய்! வாசலுக்குப் போய் அவன் கழுத்தைப் பிடித்திருப்பார். ஆனால் வட்டைப் பங்கு பங்காகத் திருப்ப உதவும் துளைத்தட்டில் துளைகளின் எண்ணிக்கை தப்பினால் வட்டு போச்சு. வாயை மூடிக்கொண்டு எண்ணினார். வெளியே மகாதேவன் மோகன் பகான் கால்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசினான், மழையைப் பற்றிப் பேசினான், கரியாஹாட் பக்கம் மீன் விலையைப் பற்றி, மீனைத் தொட்டே அறியாதவன், மூச்சுவிடாமல் பேசினான்.

கடைசிப் பல்லும் முடிந்தது. அரம் போட்டுப் பிசிறு நீக்கி, சக்கரத்தை வெளியே கொண்டுவந்து கொடுத்தார். நிபாரண் பாபு தொட்டுப் பார்த்தார்.

“நன்றாகவே ஆறிவிட்டது,” என்றார் சிரிக்காமல். கூடவே கொண்டுவந்திருந்த ஜோடிச் சக்கரத்தோடு பல்லுக்குப் பல் பொருத்தி, ஒரு முழுச் சுற்று உருட்டினார். எங்கேயும் இடிக்கவில்லை. இன்னொரு முறை உருட்டினார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, இரண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு வண்டியேறினார்.

வண்டி மறைந்ததும் வைத்தீஸ்வரன் திரும்பினார்.

“உள்ளே வா.”

மகாதேவன் வந்து மெஷினுக்கு அந்தப் பக்கமாக நின்றுகொண்டான்.

“இறக்கறச்சே இன்னும் என்னென்ன உடைச்சே? எல்லாத்தையும் இப்பவே சொல்லு.”

“கோவிச்சுக்க மாட்டேளே?”

“கோவிச்சுப்பேன். சொல்லு.”

மகாதேவன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.