ஏழு ஜோடி பூட்ஸ்

ரிட்டயரான சர்வேயர் வாயைத் திறந்தால் பூமியே கொஞ்சம் சுருங்கிவிடும். முப்பத்தாறு வருடம் வயல் வரப்பெல்லாம் அளந்து நடந்த தூரத்துக்கு நிலாவுக்கே போய்த் திரும்பி, வரும் வழியில் காய்கறியும் வாங்கி வந்திருக்கலாம் என்பார். அப்பேர்ப்பட்ட கால்களுக்குத்தான் மகளோடு பூட்ஸ் வாங்க வந்திருந்தார்.

போன மாதம் ரப்பர் செருப்போடு தோட்டத்தில் கொத்தியபோது முள் ஏறி, புண்ணாகி, அது ஆறுவதற்குள் மகளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கறாராகச் சொல்லிவிட்டாள்: முள் புகாத, காலுக்கும் சுகமான பூட்ஸ் கிடைத்தால் தோட்டம் இருக்கும், இல்லையென்றால் கொத்தனார் வந்து சிமெண்ட் போட்டு மூடிவிடுவார். அங்கிருந்த இருபது ரோஜாச் செடிகளும் அவர் மனைவி வைத்தவை. அவள் போய் எட்டு மாதம். செடிகளுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை போலும், அவைபாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தன.

கடைக்காரர் பொறுமையின் சிகரம். முழங்கால் வரை வருவது, விரலுக்கு மேல் இரும்புத் தகடு வைத்தது, உள்ளே மெத்தை தைத்தது என்று இறக்கிக்கொண்டே இருந்தார். சர்வேயர் எல்லாவற்றையும் போட்டு நடந்து, எல்லாவற்றையும் புகழ்ந்தார். ஒன்று மேகத்தில் நடப்பது போல இருந்ததாம். அடுத்தது, மாமியார் வீட்டில் முதல் நாள் உபசாரமாம்.

மகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "எல்லாமே நல்லாருந்தா எப்படிப்பா? ஒண்ணுகூடவா கடிக்கல?"

"கடிக்கிறதுக்கு அது என்ன உங்க அத்தையா?"

கடைக்காரர் சிரித்தபடியே, குதிகாலை உள்ளே தள்ளும் தகரக் கரண்டியை வைத்து ஏழாவது ஜோடியை மாட்டிவிட்டார். சர்வேயர் கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆறு நடை நடந்தார். பிறக்கும்போதே இதைப் போட்டுக்கொண்டு பிறந்திருக்க வேண்டும் என்றார். இதையே கட்டச் சொன்னார்.

கடைக்காரர் கரண்டியைத் தேடினார். பெட்டிகளுக்கு நடுவே இல்லை, மேசைக்கு அடியிலும் இல்லை. மகள் அப்பாவின் வலது பூட்ஸைக் கழற்றினாள். கரண்டி அதற்குள்ளிருந்து விழுந்தது. குதிகால் பக்கம் காலுறை சிவந்திருந்தது.

மகள் அந்தக் காலுறையை மெல்ல உருவினாள்.

"எப்பலேருந்துப்பா?"

ஒரு கதை விடலாமென்று பார்த்தார். ஆயுசில் முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை.

"ரெண்டு வருஷமாச்சு. சர்க்கரைதான். அம்மாவுக்குத் தெரியும். தோட்டத்துலேருந்து வந்ததும் தினம் காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, கண்ணாடியப் போட்டுப் பார்ப்பா. முள்ளு இருந்தா எடுப்பா. எடுத்தேன்னு சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

"நான் தினம் வந்து பாக்கறேன்ப்பா."

அவள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். வேலை இருந்தது. கைக்குழந்தை வேறு. வந்தாலும் வருவாள் என்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"வேணாம்மா. சிமெண்டே போட்டுடச் சொல்லு," என்றார். "செடிய மட்டும் கொத்தனாரு வெட்ட வேணாம். கேக்கறவங்களுக்கு வேரோட குடுத்துடலாம்."

மகள் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்திருக்கிறாள் என்பது பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். அதனால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.