பக்கத்து இருக்கை

மதியச் சாப்பாடு வயிற்றில் இறங்கியதும் நெடுஞ்சாலை தாலாட்டத் தொடங்கிவிட்டது. லாரி டிரைவர் ஒரு பச்சை மிளகாயைக் கடித்தான். கண்ணில் நீர்தான் வந்தது, தூக்கம் போகவில்லை.

முன்பெல்லாம் இந்த நேரத்தில் அவன் மச்சான் ஓட்டுவான். இரண்டாவது டிரைவர் தண்டச் செலவு என்று கம்பெனி மச்சானை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கண்ணாடிக்கு மேலே ஒரு கேமராவைப் பொருத்தியது. கண் சொருகினால் அது கத்தும், ஆபீசுக்கும் படம் அனுப்பும். அதை நம்பாத மனைவி, கம்பெனி கேட் தாண்டியதும் ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

"உங்கக்கா கல்யாணத்துல என்னைப் பாத்து என்ன சொன்னீங்க?"

"எத்தன தடவடி கேப்ப?"

"பதில் வர்ற வரைக்கும்."

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவன் கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்வை இல்லை. லாரி சாலையோரத் தடுப்பை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க!"

அலறிக்கொண்டே அவன் தொடையில் ஓங்கி அறைந்தாள். அவன் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினான். பின்னால் வந்த கார் ஹாரனை அழுத்திக்கொண்டே விலகிப் போனது. அதற்குப் பிறகுதான் கேமரா பேசியது.

"ஓய்வெடுக்கவும். ஓய்வெடுக்கவும்."

அவன் லாரியை ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் ஆபீசிலிருந்து போன் வந்தது.

"பக்கத்துல யாரு?"

"என் சம்சாரம் சார். இப்ப அவ இல்லன்னா..."

"வெளியாளை ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா? இப்பவே எறக்கி விடு. இல்லன்னா சாவிய வெச்சுட்டு நீயும் எறங்கிக்க."

"தூக்கம் கண்ண கட்டுது சார்."

"அதுக்குத்தான கேமரா போட்டிருக்கு?"

மனைவி துண்டைத் தண்ணீரில் நனைத்து அவன் முகத்தைத் துடைத்தாள். பிறகு அதை அவன் கழுத்தில் சுற்றினாள். "போன்லயாவது பேசிக்கிட்டே வரேன்."

"போனை எடுத்தா அதுக்கும் கத்தும்."

அவள் கீழே இறங்கினாள். கதவைச் சாத்துவதற்குள் அவன் குனிந்து சொன்னான்.

"இந்தப் பொண்ணு வாயையே மூடாதான்னு கேட்டேன். அதான் அன்னிக்குச் சொன்னது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் கதவைச் சாத்தினாள்.

மறுபடியும் போன் அடித்தது. "வண்டி ஏன் இன்னும் நிக்குது?"

லாரி நகர்ந்தது. நிழலில்லாத ரோட்டோரத்தில் பையோடு நின்றவளுக்கு, திறந்திருந்த ஜன்னல் வழியே அந்தக் குரல் கேட்டது.

"ஓய்வெடுக்கவும்."