துடிப்பைப் பார்க்க வந்தவள்

பெற்றவளிடம் செத்த பிள்ளையின் இதயத்தைக் கேட்க ஒரு தனிக் குரல் வேண்டும். தழுதழுக்க வேண்டும், ஆனால் நேரத்தையும் வீணாக்கக் கூடாது. இதயத் தசை வளர்க்கும் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவருக்கு அது பிறவியிலேயே வாய்த்திருந்தது. பேனா கிடைத்தாலும் கரண்டி கிடைத்தாலும் வாயருகே பிடித்துக்கொண்டு பேசுவார் என்பதால், முதுகுக்குப் பின்னால் அவருக்கு மைக்கு என்று பெயர்.

விபத்தில் தலையில் அடிபட்டு இறந்த இளைஞன் அவன். இதயம் இன்னொருவருக்குப் பொருத்தும் நிலையில் இல்லை. ஆராய்ச்சிக்காவது கொடுங்கள் என்று பிணவறை வாசலில் மைக்கு அவன் அம்மாவிடம் கேட்டார். அவள் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள். மகன்தான் கூடமாட இருந்தான். வேறு யாருமில்லை.

"எடுத்துக்குங்க. ஆனா அது துடிக்கிறப்ப ஒரு தடவை நான் பாக்கணும்," என்றாள்.

"கண்டிப்பாம்மா. உங்க பையன் இதயம் மறுபடியும் துடிக்கும்."

முழுப் பொய். இந்தத் தொழிலில் இதயத்தை மெல்லிய துண்டுகளாக வெட்டிச் சோப்புக் கரைசலில் நாள்கணக்கில் சுழலவிடுவார்கள். சிவப்பு போய், இளஞ்சிவப்பு போய், வெள்ளை வெளேரென்று ஒரு வலை மிஞ்சும். உயிரணுக்கள் எல்லாம் போய்விடும், அவை குடியிருந்த கூடு மட்டும் இருக்கும். அதைக் காயவைத்து, பொடித்து, கூழாக்கி, வேறு யாரிடமிருந்தோ எடுத்து வளர்த்த உயிரணுக்களைக் கலந்து, அச்சு இயந்திரத்தின் ஊசிமுனை வழியே கோடுகோடாக இழுத்தால் நகமளவு தசை கிடைக்கும். கொஞ்ச நாள் கதகதப்பில் வைத்தால் அது துடிக்கும். துடிப்பது யாரோ. பையன் வெறும் வீடு. இதையெல்லாம் பிணவறை வாசலில் விளக்கினால் எந்தத் தாய் கையெழுத்துப் போடுவாள்?

சரி, அந்த வீடாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. கழுவும் வேலை ஒரு பெண்ணுடையது. இரண்டு பட்டம் வாங்கியும் சலவைக்காரி என்ற பட்டப்பெயர்தான் நிலைத்தது. துண்டுகள் வெளுத்தவுடனே வெளியே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சோப்பு வலையையும் தின்றுவிடும். அப்போது மைக்கு வெளியூரில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். வெளுத்த இதயத் துண்டைத் தன் கையால் தூக்குவதுபோலப் படம் எடுக்கவேண்டும், நான் வரும்வரை தொடாதே என்று உத்தரவு. அவர் வந்து, தலைவாரி, புகைப்படக்காரரை நிறுத்தி, கையுறை மாட்டித் தொட்டியில் கையை விட்டபோது விரலிடுக்கில் கஞ்சிதான் வழிந்தது. அன்றைக்கே அதைச் சாக்கடையில் கொட்டியாயிற்று.

அம்மா விடவில்லை. எப்போது வரலாம் என்று வாராவாரம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உண்மையச் சொல்லிடலாம் சார்," என்றாள் சலவைக்காரி.

"என்னன்னு சொல்ல? கரைச்சு ஊத்திட்டோம்னா? பன்னி இதயத்தக் கழுவிச் செஞ்சது ரெண்டு துடிக்குதுல்ல, ஒண்ண எடுத்து வை. கழுவிட்டா மனுசன் என்ன, பன்னி என்ன?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மா வந்தாள். நகத்தடியில் கிரீஸ் கறையோடு, புதுச் செருப்போடு. மேசைமேல் ஒரு கண்ணாடித் தட்டு. இளஞ்சிவப்புத் திரவத்தில் வெளிறிய ஒரு துணுக்கு சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. மூடியில் ஆவி படிந்து மங்கலாகத் தெரிந்ததால் மைக்கு பெருந்தன்மையாக மூடியை எடுத்தார்.

அவள் குனிந்தாள். பிறகு, "ஓடிட்டு வந்தா இப்படித்தான் இருக்கும் இவனுக்கு," என்றாள். "ஏன்டா இவ்வளவு அவசரம்? மெதுவா அடி." அவள் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தைப் பார்க்கக் கூசியது. சலவைக்காரி தரையைப் பார்த்தாள்.

வாழ்நாளெல்லாம் மோட்டார் ஓடுகிறதா என்று கையை வைத்தே பார்த்துப் பழகியவள். கண் சொன்னால் அவளுக்குப் போதாது. யாரும் தடுக்குமுன் ஆள்காட்டி விரலைத் தட்டுக்குள் விட்டுத் தொட்டாள்.

அந்த அறையில் ஒரு விதி உண்டு. வெறுங்கை பட்ட தட்டில் இருப்பதை அந்த நொடியே கொல்லவேண்டும். கிருமி ஏறினால் அலமாரியில் வளரும் அத்தனையும் போய்விடும். சலவைக்காரியின் கைக்கு அது மூச்சுவிடுவதுபோல. அம்மாவின் விரலை ஒரு கையால் விலக்கி, மறுகையால் பிளீச்சிங் கரைசலை எடுத்துத் தட்டு நிறைய ஊற்றிவிட்டாள். ஊற்றிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது.

இளஞ்சிவப்பு வெளுத்தது. துணுக்கு ஒருமுறை சுருங்கியது. விரியவில்லை.

அம்மா தட்டையே பார்த்தாள். பிறகு சலவைக்காரியைப் பார்த்தாள். "ஏம்மா?" என்றாள். "என்னம்மா பண்ணான் உன்னை?" அப்புறம் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அடக்கம் நடந்த அன்றுகூட அவள் அப்படி அழுதிருக்கமாட்டாள்.

மைக்குக்கு அழுகை பிடிக்காது. நடைவழியில் ஆட்கள் எட்டிப்பார்ப்பதும் பிடிக்காது. தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

"அழாதீங்கம்மா," என்றார் தழுதழுத்த குரலில். "அது உங்க பையனே இல்ல. வெறும் பன்னி."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அழுகையும் நின்றது.

"அப்ப அவன் எங்க?"

மைக்கு கதவுப்பக்கம் திரும்பிக்கொண்டார். சலவைக்காரிதான் சொன்னாள். "கழுவுறப்பவே கரைஞ்சு போயிட்டான்மா. தண்ணியோட கொட்டிட்டோம்."

அம்மா தலையாட்டினாள். செருப்பைச் சரிசெய்துகொண்டு மெதுவாக எழுந்தாள். கதவுவரை போனவள் அங்கேயே நின்றாள்.

"சார், பன்னியா இருந்தாலும் பரவாயில்ல. இன்னொண்ணு இருந்தா காட்டுறீங்களா? தூர நின்னே பாக்குறேன். தொடமாட்டேன்."

மைக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருக்கும்மா," என்றார். "ஆனா அது மத்தியானம் பாக்க வர்ற விருந்தாளிங்களுக்கு."